யுத்தக் கைதிகளின் கைவேலை

1901-க்கும் 1902-க்கும் இடையே திருச்சிராப்பள்ளியில் ஒரு யுத்தக் கைதி முகாம் இருந்தது. அதில் அடைபட்டிருந்தவர்கள் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் போர்புரிந்து பிடிபட்ட போயர்கள். டச்சு வமிசத்தவரான குடியானவர்கள். அக்காலத்தில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்த ஊர்களே. ஆகவே அம்முகாம் நமது பகுதியின் சரித்திரத்திலும் ஓர் ஏடு. பெரம்பலூர் 1995-லும் அரியலூர் 2007-லும் தனி ஜில்லாக்களாகிவிட்ட இந்நாளில், அந்த ஏட்டைப் புரட்டிப் பார்ப்பார் அரியர். அக்கைதிகளின் கூட்டத்தார் தம் கையால் செய்த பொருள்களைப் பற்றியும், அவற்றிலிருந்து நமது ஜில்லாவாசிகள் கற்க வேண்டிய பாடத்தைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

போயர் யுத்தம் 1899 அக்டோபர் 11-ந் தேதி தொடங்கி 1902 மே 31-ந் தேதி முடிந்தது. 1900 பிப்ரவரி 27-ந் தேதி பார்டபர்க் என்னுமிடத்தில் தளபதி கிரோன்யே 4,000 பேருக்கு மேற்பட்ட வீரர்களுடன் சரணடைந்தார். இத்தனை பேரை யுத்தகளத்தின் அருகிலேயே வைத்திருந்தால், தப்பியோடி மறுபடியும் துப்பாக்கி எடுத்து விடுவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சினர். ஆகவே கைதிகளைக் கப்பலேற்றித் தூர தேசங்களுக்கு அனுப்பலாயினர். முதலில், நெப்போலியன் சிறையிருந்து மாண்ட ஸெயிண்ட் ஹெலினாத் தீவு. அடுத்து இலங்கை மலைநாட்டிலுள்ள தியத்தலாவை. அதன்பின் பெர்முடாத் தீவுகளும் இந்தியாவும். மொத்தத்தில் 24,000 பேருக்கு மேல் கடல் கடத்தப்பட்டனர். அவர்களில் சுமார் 9,000 பேர் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அகமத்நகர், பல்லாரி, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களில் வைக்கப்பட்டனர்.

உழுதும், மாடு மேய்த்தும், குதிரை ஏறியும் பழகிய மனிதர்கள் முள்வேலிக்குள் மாதக்கணக்கில் சும்மா இருக்க நேர்ந்தால் என்ன செய்வார்கள்? கைக்கு அகப்பட்டதைக் கொண்டு எதையாவது செய்யத் தொடங்கினார்கள். ரேஷனில் வந்த மாட்டிறைச்சியின் எலும்பைக் கொதிக்க வைத்துக் கொழுப்பு நீக்கி, வெயிலில் உலர்த்தி, அறுத்து, அராவி, மெருகேற்றினார்கள். சாமான் வந்த பெட்டிகளின் பலகைகளைப் பிரித்துச் சிறு பேழைகளும் படச்சட்டங்களும் ஆக்கினார்கள். அந்தந்தத் தீவிலும் மலையிலும் கிடைத்த மரக்கொம்புகளைக் கைத்தடிகளாகவும் புகைக்குழாய்களாகவும் செதுக்கினார்கள். பெர்முடாவில் இருந்தவர்களுக்கு அங்கு வளரும் தேவதாரு கைகொடுத்தது. நாணயத்தைத் தேய்த்து மார்பூசி செய்தவர்களும் உண்டு. முகாமில் பட்டறை ஏது? சட்டைப்பைக் கத்தியும், கூராக்கிய ஆணியும், உடைந்த கண்ணாடித் துண்டுமே போதிய ஆயுதங்களாயின.

இப்பொருள்களில் பலவற்றின் மீது மூன்று விவரங்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்: செய்தவன் பெயர், முகாமின் பெயர், வருஷம். இதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அம்மனிதன் யாரென்று சர்க்காரின் பதிவேட்டில் ஓர் எண் சொல்லும். அவனோ தன் பெயரைத் தானே எழுதிவைத்தான். செய்த சாமானைக் காவலர்களுக்கும் ஊராருக்கும் விற்றுப் புகையிலைக்குக் காசு சேர்த்தவர்கள் இருந்தார்கள். வீட்டிலுள்ள மனைவிக்கும் மக்களுக்கும் பரிசாக வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அந்தப் பரிசுகளில் எத்தனை உரியவர் கை சேராமற் போயின என்பதை நினைத்தால் நெஞ்சம் கனக்கிறது. ஏனெனில் அதே சமயத்தில் போயர் பெண்களும் குழந்தைகளும் தென்னாப்பிரிக்காவிலேயே தனி முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். அங்கே சுமார் 26,000 பேர் நோயாலும் பட்டினியாலும் மடிந்தனர். கறுப்பு மக்களுக்கென்று ஏற்படுத்திய முகாம்களிலும் பல்லாயிரவர் மாண்டனர். தந்தை எலும்பில் பூவேலை செய்துகொண்டிருந்தபோதே, அதை அணியவேண்டிய மகள் மண்ணுக்குள் போயிருக்கக்கூடும்.

இவ்வழக்கம் போயர்களுடன் தோன்றியதன்று. நெப்போலிய யுத்தங்களின் போது, 1797 முதல் 1814 வரை, இங்கிலாந்தில் நார்மன் கிராஸ் என்ற முகாமில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக் கைதிகள் இருந்தனர். அவர்களும் சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைக் கொண்டே பாய்மரக் கப்பல்களின் மாதிரிகளைச் செய்தார்கள். வைக்கோலைப் பிளந்து சாயமேற்றிப் பெட்டிகளின்மீது சித்திரமாக ஒட்டினார்கள். முகாம் வாயிலில் சந்தை கூடி இவை விலையாயின. இன்று பீட்டர்பரோ நகரத்துப் பொருட்காட்சிசாலையில் அவை நூற்றுக்கணக்கில் போற்றி வைக்கப்பட்டுள்ளன. போயர்களின் கைவேலைக்கும் 1931-ல் புளூம்பான்டீன் நகரில் திறக்கப்பட்ட யுத்தப் பொருட்காட்சிசாலையில் இடம் கிடைத்தது. சிறைப்பட்டவர்களை உலகம் மறக்கவில்லை. அவர்கள் செய்த குப்பியும் கோலும் பொதுச் சொத்தாயின.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். இந்தியரை மனிதராக மதிக்காத சட்டங்களை இயற்றிய போயர்களின் கைத்தடியைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. டிரான்ஸ்வாலில் போயர் சர்க்கார் 1885-லேயே இந்தியருக்கு விரோதமான சட்டம் செய்தது. யுத்தத்தில் காந்தியடிகள் திரட்டிய இந்திய வைத்தியப் படையில் இருந்த சுமார் 1,100 பேர் காயமுற்றோரைச் சுமந்தது பிரிட்டிஷ் பக்கத்திலேதான். அவர்களில் நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் தமிழர். இருந்தபோதிலும், பகைவன் சிறைப்பட்டபின் அவன் கைவேலையை மதிப்பது நமக்குப் புதிதன்று. 1913-ம் வருஷத்துச் சத்தியாக்கிரகத்தில் தமிழர்கள் தென்னாப்பிரிக்கச் சிறைகளை நிரப்பினார்கள். காந்தியடிகளும் சிறை புகுந்தார். அங்கே தம் கையால் தைத்த ஒரு ஜதைச் செருப்பை, 1914-ல் அந்நாட்டை விட்டுப் புறப்படுகையில், தம்மைச் சிறைப்படுத்திய ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசாக அளித்தார். ஸ்மட்ஸ் போயர் யுத்தத்தில் பெயர்பெற்ற தளபதி. அவர் அதைப் பல கோடைக்காலங்களில் அணிந்திருந்து, 1939-ல் காந்தியடிகளின் எழுபதாவது பிறந்தநாளின்போது மரியாதையுடன் திருப்பி அனுப்பினார். கைதி செய்த செருப்பு, சிறை வைத்தவனுடைய மனச்சாட்சியோடு கால் நூற்றாண்டு காலம் பேசிக்கொண்டிருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். சிறையில் அழகிய பொருள்கள் செய்யப்பட்டன என்பதனால் சிறை நல்லதாகிவிடாது. கைதிகளின் கைவேலையைக் காட்டி, தாங்கள் அவர்களை எவ்வளவு அன்பாக நடத்தினோம் பாருங்கள் என்று சொல்லிக்கொள்ளும் அதிகாரிகள் எக்காலத்திலும் உண்டு. தானாக விரும்பிச் செய்த வேலை வேறு. அதிகாரி ஏவிச் செய்வித்த வேலை வேறு. கோயமுத்தூர்ச் சிறையில் வ.உ. சிதம்பரம் பிள்ளையைச் செக்கிழுக்க வைத்தார்கள். அச்செக்கை நாம் இன்றும் போற்றுகிறோமென்றால், அது அவர் பட்ட துன்பத்துக்குச் சாட்சி என்பதற்காகவே. எலும்பில் செதுக்கிய பேழையோ, துன்பத்தின் நடுவிலும் ஒரு மனிதன் தனக்கென்று சிறிது நேரத்தையும், சிறிது சுதந்திரத்தையும் மீட்டுக்கொண்டான் என்பதற்குச் சாட்சி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது.

இரண்டாவது உலக யுத்தத்திலும் இதே கதை தொடர்ந்தது. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அங்கு சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட ஐரோப்பியப் பெண்கள், கிடைத்த மாவுச் சாக்கையும் பழந்துணியையும் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொருத்தியும் ஒரு சதுரத்தில் தன் பெயரையும் ஒரு சிறு சித்திரத்தையும் ஊசியால் தைத்து, ஒன்றாக இணைத்துப் போர்வைகளாக்கினார்கள். போர்வைக்குச் சதுரங்கள் 66. காயமுற்ற வீரர்களுக்கென்று அவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டன. உண்மையில் அவை கடிதங்கள்: மனைவி உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தியைப் பிரிந்திருந்த கணவனுக்கு எப்படியாவது எட்டவைக்கச் செய்த உபாயம். அவற்றில் இரண்டு ஆஸ்திரேலியாவின் தலைநகரிலும் ஒன்று இங்கிலாந்திலும் பாதுகாக்கப்படுகின்றன. அதே யுத்தத்தில் ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுகளில் இருந்த இத்தாலியக் கைதிகள், இரண்டு தகரக் கொட்டகைகளை இணைத்து மாதாகோயில் ஒன்று கட்டினார்கள். மாட்டிறைச்சி அடைத்துவந்த தகர டப்பாக்களே அதன் விளக்குகளாயின. அக்கோயில் இன்றும் நிற்கிறது.

இதுகாறும் சொன்னவை வெள்ளையரின் கதைகள். இனி நம்மவர் கதைக்கு வருவோம். 1942-லும் 1943-லும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரெயில் பாதை போட்டனர். 60,000-க்கு மேற்பட்ட யுத்தக் கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டு, 12,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். புண் புரையோடிக் கால் துண்டிக்கப்பட்டவர்களுக்கு அங்கிருந்த கைதிகளே மூங்கிலையும் மரத்துண்டையும் தோலையும் கொண்டு பொய்க்கால் செய்து பொருத்தினார்கள். சாப்பாட்டுத் தகரங்களில் ஊர்களின் பெயர்களையும் தேதிகளையும் கீறினார்கள். சித்திரக்காரர்கள் வரைந்த படங்களை மூங்கிற் குழாய்களில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். அவையெல்லாம் இன்று பொருட்காட்சிசாலைகளில் இருக்கின்றன. காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 பேருக்குச் செம்மையான மயானமும் அமைந்திருக்கிறது.

அதே பாதையில், அக்கைதிகளைவிட அதிகமான தொகையில், ஆசியத் தொழிலாளர் மாண்டனர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் அவர்களில் அடங்குவர். அவர்கள் செய்த பொய்க்கால் எங்கே? கீறிய தகரம் எங்கே? பொருட்காட்சிசாலைகளில் அவர்களுக்கென்று ஓர் அலமாரிகூட அரிது. காஞ்சனபுரியில் உள்ளது போலத் தனித்தனிப் பெயர் பொறித்த கற்கள் அவர்களுக்கு இல்லை.

தமிழனுக்குக் கைத்திறன் இல்லையென்று யாரும் சொல்லத் துணியார். காரணம் வேறு. யுத்தக் கைதிகளுக்குச் சொந்தப் படையின் டாக்டர்கள் இருந்தார்கள். கணக்கு வைக்கும் உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் தேடிவந்து அழைத்துப்போகத் தேசம் இருந்தது. தோட்டத் தமிழர்களுக்கு இம்மூன்றும் இல்லை. காகிதத்தில் அவர்கள் கைதிகளல்லர், கூலிகள். டாக்டரில்லாத முகாமில் வாந்திபேதி வந்தபோது கூட்டங் கூட்டமாக மடிந்தார்கள். பிழைத்துத் தோட்டம் திரும்பியவர்களிடம், நீ என்ன கொண்டுவந்தாய், அதை எப்படிச் செய்தாய் என்று கேட்டுக் குறித்துவைப்பாரில்லை. செய்த பொருள்கள் அழிந்ததற்குக் காரணம் மூங்கிலும் தகரமும் மக்கியது மட்டுமன்று, கேட்பாரில்லாததே பெருங்காரணம்.

இது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நேரே சம்பந்தப்பட்ட விஷயம். மலேயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய ஜில்லாக்களில் பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லா முதன்மையானவற்றுள் ஒன்று. வானம் பொய்த்த வருஷங்களில் நம் மானாவாரிக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் நாகப்பட்டினம் சென்று கப்பல் ஏறினார்கள். யுத்தத்துக்குப் பின் அவர்களில் சிலர் திரும்பினார்கள்; பட்டாளத்தில் சேர்ந்து பிடிபட்டவர்களும், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களும் திரும்பினார்கள். பலர் பரணிலே ஏற்றி வைத்த தகரப்பெட்டியில் ஏதோ ஒரு சிறு பொருள் இன்றும் இருக்கலாம்: சாக்குத்துணியில் தைத்த பை, பெயர் கீறிய அலுமினியத் தட்டு, பித்தளையைத் தட்டிச் செய்த ஒரு சின்னம், செல்லாமற்போன ஜப்பானிய நோட்டு. பேரப்பிள்ளைகளுக்கு அது இன்னதென்று தெரியாது. பழைய ஈயம் பித்தளைக்காரன் தெருவில் குரல் கொடுக்கும்போது, எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

நியாயஸ்தலத்தில் சாட்சியம் பலவகைப்படும் என்பதைச் சட்டம் கற்றவர்கள் அறிவர். ஒன்று வாய்மொழி, மற்றொன்று கண்முன் வைக்கப்படும் சான்றுப்பொருள். 1942-ல் இருபது வயதாயிருந்தவருக்கு இன்று நூறு வயது கடந்திருக்கும். வாய்மொழிச் சாட்சியம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது சான்றுப்பொருளே. அதையும் இழந்தால், இவ்வளவு பெரிய வழக்கில் நம் மக்களின் கட்சியைச் சொல்ல ஒன்றுமில்லாமற் போகும். எதிர்க்கட்சி சொன்னதே சரித்திரமாகும்.

ஆகவே நமது யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். முதலாவது, ஒவ்வொரு கிராமத்திலும் பொதுக்காரியத்தில் ஈடுபட்ட இளைஞர்கள் மலேயா, பர்மா, சயாம் சென்று திரும்பிய குடும்பங்களைக் கண்டறிய வேண்டும். பொருள் இருக்குமானால், எதனால் ஆனது, யார் செய்தது, எங்கே, எந்த வருஷம், யார் மூலம் வீட்டுக்கு வந்தது என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதி, நிழற்படமும் எடுத்துவைக்க வேண்டும். பொருளை வீட்டாரிடமிருந்து பிடுங்க வேண்டாம். விவரத்தை எழுதிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். பண்டிகைக்கு முன் பாத்திரம் துலக்குவது போல இப்பொருள்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாகாது. ஆணியால் கீறிய எழுத்து மெல்லியது. இரண்டு துலக்கில் மறைந்துபோகும். வெண்கலச் செம்பில் பெயர் வெட்டி வைக்கும் வழக்கமுள்ள நமக்கு, பெயரின் அருமையை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, சர்க்காருக்கு. கங்கைகொண்ட சோழபுரத்தில் பொருட்காட்சிசாலை இருக்கிறது. பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள சாத்தனூரில், சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முன் வாழ்ந்து கல்லாய்ப்போன 18 மீட்டர் நீளமுள்ள மரத்தை 1940-ல் பூகர்ப்ப சாஸ்திரி எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தார், இன்று அதற்கு வேலியிட்டுப் பூங்கா அமைத்துக் காக்கிறோம். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் கடற்பிராணிகளின் சுவடுகளைத் தேடி உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் பண்டிதர்கள் வருகிறார்கள். கோடி வருஷத்து நத்தையைக் காப்பாற்றுவது நல்ல காரியம். எண்பது வருஷத்து மனிதனுக்கும் அதே கூரையின்கீழ் ஓர் அலமாரி கொடுத்தால் என்ன? இரண்டு ஜில்லாக்களுக்கும் சேர்த்து ஓர் அறை போதும். திருச்சிராப்பள்ளியிலும் போயர் முகாமைப் பற்றி ஓர் அறிவிப்புப் பலகையாவது நாட்டப்பட வேண்டும்.

நான்காவது, கைவினைஞர்களுக்கு. பெரம்பலூர் ஜில்லாவைச் சேர்ந்த அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக உளி பிடித்த அச்சிற்பிகள், ஒரு மரத்துண்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில் எந்தக் கருவியால் செதுக்கியது, பழகிய கையா பழகாத கையா என்று சொல்லிவிடுவார்கள். எந்தப் பண்டிதரும் சொல்ல முடியாததை அவர்கள் சொல்லக்கூடும். கண்டெடுக்கும் பொருள்களைப் பரிசோதிக்கும் சபையில் அவர்களுக்கு முதல் ஆசனம் அளிக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. சட்டசபையின் அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும், வயதானவர்கள் பேசுவதைப் பொறுமையுடன் கேட்கும் குணமும் இருந்தால் போதும். போயர் கைதிகளும் பிரெஞ்சுக் கைதிகளும் செதுக்கிய எலும்புத் துண்டுகளைப் பிறர் எடுத்துப் போற்றிவிட்டார்கள். சயாம் பாதையில் மாண்ட நம்மவர்களுக்கு அந்தக் கடனைச் செலுத்த வேண்டியவர்கள் நாமே. அரியலூர், பெரம்பலூர் அன்பர்கள் இதைத் தை மாதத்துக்குள் தொடங்கிவிட வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். அதற்குமேல் தாமதித்தால் பெட்டிகள் இருக்கும். திறந்து காட்டி விவரம் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.